புதுப்பிப்பு: குப்பைமேனிச் சாறும் அந்த வளையமும்

சர்க்கரைப் புண்ணிலிருந்து எடுத்த ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவைக் குப்பைமேனி இலையை மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாறு தடுக்கிறது, பாக்டீரியா வளரும் தட்டில் சாறு விட்ட குழியைச் சுற்றி, கிருமி வளராத தெளிவான வளையம் விழுந்தது என்று போன மாதம் எழுதியிருந்தேன். அதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

"வெறும் மெத்தனாலை வைத்துப் பார்த்தீர்களா?" என்று ஒருவர் கேட்டார். வைக்கவில்லை. பிறகு வைத்தேன். அதற்கும் வளையம் விழுந்தது; அப்படியென்றால் தடுத்தது இலையா, மெத்தனாலா என்று சொல்ல முடியாது. மனசு விட்டுப்போனது.

வண்டியூர்க் கண்மாய்க் கரையில் மறுபடி இலை பறித்து, நிழலில் உலர்த்தி ஊறவைத்து, இந்தத் தடவை மெத்தனால் முழுக்க ஆவியாகும்வரை பொறுத்திருந்தேன். அடியில் கரும்பச்சையாக, தார் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது சாறு. அதை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து ஒரு குழியிலும், வெறும் டிஎம்எஸ்ஓவைப் பக்கத்துக் குழியிலும் விட்டு, 37 டிகிரியில் ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் சாற்றுக் குழிக்கு மட்டும் வளையம். முன்பைவிடச் சின்னதுதான், ஆனால் இது இலையுடையது.

சூடோமோனாஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவின் தட்டில் வளையம் ஒன்றுமில்லை. குழி விளிம்புவரை பச்சை பூத்திருந்தது. அதன் வெளிச்சவ்வு பல பொருள்களை உள்ளே விடாது, நுழைந்ததையும் அதிலுள்ள பம்புகள் வெளியே தள்ளிவிடும்.

அப்பா கால் புண்ணில் இலையை அரைத்துக் கட்டலாமா என்று கேட்ட தம்பிக்கு: வேண்டாம்ப்பா. சர்க்கரையால் மரத்துப்போன காலில் புண் ஆழமாவதே தெரியாது. நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்க.

அடுத்து, எவ்வளவு குறைந்த அளவில் தடுக்கிறது என்று பார்க்கப்போகிறேன்.