மறுமொழி: எஞ்சின், கியர் ஆயில் ‘கிரேடு’ - தமிழில் என்ன?

> கிரேடு என்றால் தரம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

வணக்கம் ஐயா. மற்ற இடங்களில் சரி. மசகெண்ணெயில் ‘தரம்’ என்று போட்டால் படிப்பவர் ஏமாந்துபோவார். டப்பாவில் எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) 20டபிள்யூ-40 என்று இருப்பது பாகுநிலையை, அதாவது எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பதை, மட்டும் சொல்கிறது. தேய்மானம், கசடு பற்றிய சோதனைகளில் எண்ணெய் தேறியதைச் சொல்வது ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரும் எஸ்எல், எஸ்பி போன்ற குறியீடுதான். முன்னதைத் ‘தரம்’ என்றால் 30ஐவிட 40 உசத்தி என்றாகிவிடும்.

கியர் எண்ணெயில் இன்னும் வேடிக்கை. 100 டிகிரி செல்சியஸில் 14 சென்டிஸ்டோக் (பாகுநிலையின் அலகு) உள்ள எண்ணெய், எஸ்ஏஇயின் எஞ்சினுக்கான ஜே300 அட்டவணைப்படி 40. கியருக்கான ஜே306 அட்டவணைப்படி 90. பட்டறையில் 90 என்றாலே எஞ்சின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைப்பவர்கள் உண்டு.

அதனால் ‘பாகுப்படி’ என்று வைக்கலாம். 20டபிள்யூ-40 போலக் குளிருக்கும் சூட்டுக்கும் தனித்தனி எண் உள்ள மல்டிகிரேடு, ‘பல்படி எண்ணெய்’. ஒரே எண் உள்ள மோனோகிரேடை ‘ஒருபடி எண்ணெய்’ என்றால் செக்குக்கடையில் அளந்து வாங்கியது போலாகிவிடும். ‘தனிப்படி எண்ணெய்’ போதும்.

ஏபிஐ குறியீடுகளுக்குப் ‘பணிவகை’. இங்கும் தரம் வேண்டாம் என்பேன். பெட்ரோல் எஞ்சினுக்கான எஸ் வரிசையில் புதியது பொதுவாகப் பழையதன் இடத்தில் பொருந்தும். கியர் எண்ணெய்க்கான ஜிஎல் வரிசையில் ஜிஎல்-5 அப்படி ஜிஎல்-4ஐவிட ‘மேல்தரம்’ அல்ல. பின் அச்சின் ஹைபாய்டு (அச்சு மையங்கள் விலகிப் பொருந்தும்) பற்சக்கரங்களில் பற்கள் அழுத்தத்தோடு வழுக்கி உராயும். அதைத் தாங்கவே ஜிஎல்-5இல் கந்தக-பாஸ்பரஸ் சேர்மங்கள் கூடுதல். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் அதை ஊற்றினால், சில எண்ணெய்கள், கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்திசைக்கும் சிங்க்ரோனைசரின் பித்தளை வளையத்தை அரித்துவிடும். ‘உசந்த தரம்தானே, ஊற்று’ என்று ஒருவர் நினைக்க நம் சொல்லே காரணமாகக் கூடாது.

----

> பாகுப்படி பிடித்திருக்கிறது. பணிவகைதான் இடிக்கிறது. பைக் எண்ணெயில் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தரநிலை) எம்ஏ என்று வருமே, எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் வழுக்காமல் இருக்க? அதையும் இதில் அடக்குவதா?

அடக்கலாம். எந்த வேலைக்கு ஏற்ற எண்ணெய் என்பதைத்தானே அதுவும் சொல்கிறது? கார் எஞ்சினுக்கென்று உராய்வு குறைத்த எண்ணெயை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். அங்கேயும் உசத்தி, மட்டம் என்ற பேச்சு இல்லை.

விக்சனரியில் ஏற்றுமுன் இரண்டு நாள் பொறுக்கிறேன். அப்புறம், குளிர்காலத்தைக் குறிக்கும் ‘டபிள்யூ’வைக் ‘கு’ ஆக்கச் சொல்லாதீர்கள். டப்பாவில் இருக்கும் குறி அப்படியே இருக்கட்டும்.