ஈயக்குண்டு விழுங்கிய பறவையைப் பார்த்திருக்கிறீர்களா?

நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர்

தூண்டில் போடுகிற நம்மவர்கள் நிறையப் பேர் இங்கே இருப்பதால் கேட்கிறேன். தூண்டில் முள் மூழ்கக் கனத்துக்கு மாட்டுகிறோமே, அந்த ஈயக்குண்டால் ஒரு பறவை சாவதை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போன ஆகஸ்டில், வின்னிபெசாக்கி ஏரியில், மோல்டன்பரோ பக்கம்.

விடிந்து அரை மணி நேரம் இருக்கும். கரையோரக் கற்களுக்கு நடுவே, மூழ்கி மீன் பிடிக்கிற லூன் என்ற நீர்ப்பறவை ஒன்று கிடந்தது. லூனைத் தெரிந்தவர்களுக்கு இதிலேயே விஷயம் புரியும். அதன் கால்கள் உடம்பின் பின்கோடியில் இருப்பதால் தரையில் நடக்க வராது. கூடு கட்டி அடைகாக்கும் காலம் தவிர அது கரைக்கே வராது. நான் பத்தடிக்குள் போயும் தண்ணீரில் இறங்கவில்லை. இறக்கைகள் தொங்கிக் கிடந்தன. அலகைத் திறந்து திறந்து மூடியது, குரல் வரவில்லை. சிவப்புக் கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

லூன்களைப் பாதுகாக்கிற லூன் பிரிசர்வேஷன் கமிட்டிக்கு போன் செய்தேன், அவர்கள் இருப்பது அதே ஊரில்தான். ஒரு அம்மா வந்து, பெரிய துண்டைப் போர்த்தி அள்ளிக்கொண்டு போனார். சாயங்காலம் அவரே கூப்பிட்டுச் சொன்னார்: எக்ஸ்ரேயில் இரைப்பையில் ஒரு ஜிக் தலை (தூண்டில் முள்ளோடு சேர்த்து வார்த்த குண்டு), ரத்தத்தில் ஈயம் ஏறிவிட்டது, காப்பாற்ற வழியில்லை, மருந்து கொடுத்து வலியை முடித்துவிட்டோம்.

எப்படி நடக்கிறது என்று அவரிடமே கேட்டேன். லூன் மீனை முழுசாக விழுங்கும். அதை அரைக்க இரைப்பையில் கூழாங்கற்களை வைத்திருக்கும். தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போன மீனோடு ஈயமும் உள்ளே போனால் அந்தக் கற்கள் அதையும் சேர்த்து அரைக்கும், அமிலம் கரைக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் முடிந்துவிடும். ஒரே ஒரு குண்டு போதும்.

வீட்டுக்கு வந்து என் தூண்டில் பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் கொட்டினேன். ஒருவர் வீட்டு வாசலில் போட்டு விற்றதை ஐந்து டாலருக்கு அப்படியே வாங்கிய பெட்டி அது. ஒவ்வொரு குண்டாக எடுத்து வெள்ளைத் தாளில் இழுத்தேன். பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்தால் ஈயம். நகத்தால் அழுத்தினாலும் பள்ளம் விழும். ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே கோடு போட்டன. நடுவில் பிளவுள்ள சின்ன ஈய மணிகளை நரம்பில் மாட்டி எத்தனை தடவை பல்லால் கடித்து மூடியிருப்பேன்! என் பெண்ணுக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தேன். அவளுக்கு ஏழு வயது.

லண்டன்

தம்பி, நான் 1985இல் இங்கு வந்தேன். லீ ஆற்றங்கரையில்தான் ஞாயிறு போகும். அந்த நேரம் அன்னங்கள் கழுத்தை நிமிர்த்த முடியாமல், நடுவில் மடிந்து முதுகிலே கிடக்க மிதந்து வரும். வயசு போன அன்னம் எண்டுதான் நினைத்தேன். கூட இருந்த வெள்ளைக்காரக் கிழவர்தான் சொன்னார், அது ஈயம் என்று. ஆற்றடியில் அன்னம் கல் பொறுக்கும்போது ஈயக்குண்டும் சேர்ந்து வயிற்றுக்குள் போகிறது.

1987இல் சட்டம் வந்தது. 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட ஈயக்குண்டுகளை விற்கக் கூடாது. கடைகளில் ஒரே கொதிப்பு. புதுக் குண்டு கல் மாதிரி இருக்கு, வழுக்குது, நரம்பை வெட்டுது என்றார்கள். முதல் வந்த சரக்கு மோசம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் சில வருடத்தில் ஒருவருக்கும் அந்தப் பேச்சே நினைவில்லை. அடியில் பழைய ஈயம் கிடந்தபடியால் அன்னங்கள் சாவது உடனே நிற்கவில்லை. பிறகு பிறகுதான் குறைந்தது. இன்றைக்குத் தேம்ஸ் கரையில் அன்னங்களைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியாது.

மினியாபொலிஸ், மினசோட்டா

படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாநிலப் பறவையே லூன்தான், சுமார் 12,000 இருக்கின்றன. இங்கே ஈயக்குண்டுக்கு மாநிலம் முழுவதற்குமான தடை இல்லை. வால்ஐ மீனுக்கு ஜிக்தான் உயிர். பாறை இடுக்கில் ஒரு காலையில் ஐந்தாறு போகும். ஈயத்துக்குப் பதிலாக வருகிற டங்ஸ்டன் உலோகம் ஈயத்தைவிடக் கனம், கைக்கு அருமையாக இருக்கும், ஆனால் விலை பல மடங்கு. இரண்டு பையன்களோடு போகிற எனக்கு அது கட்டாது.

இன்னொன்று. 1950இல் வந்த சட்டப்படி நாம் வாங்குகிற தூண்டில் சாமான்களின் வரிதான் மீன்வளப் பணிகளுக்குப் போகிறது. லைசென்ஸ் காசும் அப்படியே. ஏரியைக் காப்பாற்றப் பணம் கொடுக்கிறவனையே குற்றவாளி மாதிரி பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஸ்கார்பரோ, ஒன்டாரியோ

எங்கள் ஒரு டாலர் காசிலேயே லூன் இருக்கிறது, அதனால்தான் அதற்கு லூனி என்று பெயர். அப்படியிருந்தும் 50 கிராமுக்குக் குறைந்த ஈயத்துக்குத் தடை தேசியப் பூங்காக்களிலும் தேசிய வனவிலங்குப் பகுதிகளிலும் மட்டும்தான், 1997இலிருந்து. எங்கள் சிம்கோ ஏரியில் ஈயம் போடலாம். பறவைக்கு எல்லைக்கோடு தெரியுமா?

நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர்

மினியாபொலிஸ் அண்ணா, உங்களைக் குற்றவாளி என்று நான் நினைக்கவே இல்லை. அந்த ஜிக் என்னுடையதாகவே இருந்திருக்கலாம். ஆனால் 12,000 என்ற கணக்கு எங்களுக்கு உதவாது. இங்கே முந்நூறு ஜோடி அளவில்தான். லூன் முதல் முட்டையிடவே ஆறு வயதாகும், வருஷத்துக்கு இரண்டு முட்டைதான். 1989 முதல் 2012 வரை இங்கே இறந்து கிடைத்த வளர்ந்த லூன்களைச் சோதித்ததில் 48.6 சதவீதம் ஈயத் தூண்டில் சாமானால் செத்தவை. சாவு கூடுவது ஜூலை, ஆகஸ்டில், அதாவது நாம் ஏரியில் இருக்கும்போது.

இங்கே சட்டம் 2000இலேயே வந்தது. 2016இலிருந்து ஒரு அவுன்ஸும் அதற்குக் குறைவுமான ஈயக்குண்டு, ஜிக் எதையும் விற்கவும் கூடாது, பயன்படுத்தவும் கூடாது. அப்புறமும் என் பெட்டியில் அவ்வளவு இருந்ததே!

விலை பற்றிச் சொன்னது நியாயம். நான் டங்ஸ்டன் வாங்கவில்லை. சின்ன மணிகளுக்குத் தகரம், கொஞ்சம் பெரிதுக்கு எஃகு. தகரம் லேசு என்பதால் ஒரு அளவு பெரிதாகப் போட வேண்டும், அவ்வளவுதான். இங்கே சில கடைகளில் ஒரு அவுன்ஸ் பழைய ஈயம் கொடுத்தால் 10 டாலர் கூப்பன் தந்தார்கள். ஒருவருக்கு ஒன்றுதான். நான் கொண்டுபோனது பதினோரு அவுன்ஸ் இருந்தது, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். என் பெண்ணுக்கு ஒரு சின்னக் குறடு வாங்கினேன். இப்போது குண்டை அதால்தான் அழுத்துகிறாள்.