மின்னணு ஆதாரச் சான்றிதழின் பகுதி ஆ-வில் கையெழுத்திட நிபுணர் தேவை: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. மணல் அள்ளல் செய்திக்காக ஒரு செய்தித்தளத்தின் மீது அவதூறு வழக்கு. ஆதாரம், செய்தியாளர் கைப்பேசியில் எடுத்த வீடியோ. பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63(4) பிரிவின்படி, மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் இணைக்க வேண்டும். பகுதி அ-வைச் செய்தியாளரே நிரப்பலாம்: கருவியின் மாடல், நிறம், ஐஎம்இஐ எண், கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு). பகுதி ஆ-வில் நிபுணர் கையெழுத்து வேண்டும். சிக்கல் அங்கேதான். மாவட்ட அளவில் இதற்கு யாரை அணுகுகிறீர்கள்? கட்டணம் எவ்வளவு? தனியார் ஆய்வகத்தின் கையெழுத்தை உங்கள் நீதிமன்றம் ஏற்றதா?

மூலக்கோப்பு கைப்பேசியில் அப்படியே இருக்கிறது. கேபிள் வழியாக நகலெடுத்து, இரண்டு பக்கமும் எஸ்ஹெச்ஏ-256 முறையில் ஹாஷ் பார்த்தாயிற்று, ஒத்துப்போகிறது. ஆனால் வழக்கறிஞரிடம் இருப்பது வாட்ஸ்அப்பில் வீடியோவாகப் போனது. அது சுருக்கப்பட்டு மாறிவிட்டதால் ஹாஷ் ஒத்துவராது. அதைத் தாக்கல் செய்யாமல் தடுத்தாக வேண்டும்.

இதைவிடப் பெரிய கவலை, தகவல் தந்தவர். அதே கைப்பேசியில் அவருடைய எண்ணும் உரையாடலும் இருக்கின்றன. தகவல் தந்தவரை வெளிப்படுத்தும்படி செய்தியாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் பத்திரிகை கவுன்சில் சட்டத்தின் 15(2) பிரிவு கவுன்சில் விசாரணைக்கு மட்டுமே பொருந்தும், நீதிமன்றத்தில் அந்தக் காப்பு இல்லை. உரையாடலை இப்போது அழித்தால் ஆதாரத்தை அழித்த பழி வரும், அதனால் யாரும் கை வைக்கவில்லை. முழுக் கைப்பேசியையும் ஒப்படைக்காமல் அந்த ஒரு கோப்பை மட்டும் நிபுணர் முன்னிலையில் எடுத்துத் தாக்கல் செய்தவர்கள் இருந்தால், மனுவை எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். வழக்கு எண், பெயர் எதையும் இங்கே போட வேண்டாம், தனிச்செய்தியில் அனுப்புங்கள்.