நாலு நாளில் நாலு மேட்ச்: காலேஜ் டீமை கப்பு அடிக்கத் தயார் பண்றது எப்படிங்க?

நொய்யல்_8

வணக்கமுங்க. கோயம்புத்தூர் பக்கம் ஒரு காலேஜ் ஃபுட்பால் டீமுக்கு இந்த வருஷம் நாந்தான் பயிற்சி கொடுக்கிறேன். இன்டர்காலேஜ் நாக்அவுட், ஃபைனல் வரைக்கும் போனா நாலு நாளில் நாலு மேட்ச். கையில் 12 வாரம், 22 பசங்க. முதல் பாதி நல்லா ஆடுறாங்க, 60 நிமிஷத்துக்கு மேல கோல் வாங்கிடறாங்க. தினமும் கிரவுண்டைச் சுத்தி 10 ரவுண்டு ஓட விட்டும் மாறல. கிரவுண்டு செம்மண், கல்லாட்டம் இறுகிக் கிடக்கு. எதை மாத்தோணுமுங்க?

ஸ்டாப்பர்_5

ரவுண்டு ஓட்டத்தை முதல்ல நிறுத்துங்க. ஒரே வேகத்தில் ஓடுறவன் அந்த வேகத்துக்குத்தான் பழகுவான். மேட்ச்ல பாயணும், நிக்கணும், திரும்பணும், மறுபடி பாயணும். அதுக்கு 4-க்கு 4 ஆட்டம் வைங்க: 40-க்கு 30 மீட்டர் கட்டம், 4 நிமிஷம் முழு மூச்சா ஆட்டம், 3 நிமிஷம் நடை, இப்படி நாலு தடவை. வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். இதுல எல்லாரும் கோட்டை விடறது பந்து விஷயத்துல. ஒரே பந்தை வெச்சு ஆடினா அது வெளிய போறப்பெல்லாம் பசங்க நின்னுக்குவாங்க, மூச்சு இறங்கிடும், பயிற்சி வீணாப்போகும். கோட்டோரமா 6 பந்தாவது வைங்க.

வார்ம்அப்புக்கு ஃபிஃபா 11 பிளஸ் பண்ணுங்க. 15 பயிற்சி, 20 நிமிஷம். அதுல முட்டி போட்டு, பின்னால ஒருத்தர் கணுக்காலைப் பிடிச்சுக்க, உடம்பை வளைக்காம மெல்ல முன்னால சாயறது ஒண்ணு இருக்கு. தொடைப் பின்சதை பிடிக்காம இருக்க அதுதான் காவல். ஆரம்பத்துல 3 முதல் 5 தடவை போதும். முதல் நாளே 15 எடுக்க வெச்சீங்கன்னா ரெண்டு நாளைக்குப் படி இறங்க மாட்டாங்க. மேட்சுக்கு முந்தின நாள் இதை எடுக்க வேண்டாம்.

ஆனா உங்க டீம் அறுபதாவது நிமிஷத்துல விழறதுக்கு மூச்சு மட்டும் காரணமா இருக்காதுங்க. நாலு நாளும் அதே 11 பேரை இறக்கினா மூணாவது நாள் யாருக்கும் கால் வராது. ஒவ்வொரு இடத்துக்கும் ரெண்டு பேர்னு 22 பேரையும் இப்பவே பிரிச்சு வைங்க. ஏ டீம், பி டீம்னு தனித்தனியா ஆட விடாதீங்க. ஏ டீம்ல நடுவுல தடுக்கற ஸ்டாப்பரோட பி டீம்ல ஓரத்துல தடுக்கற விங் பேக்கைச் சேர்த்து ஆட விடுங்க. ரெண்டாம் பாதியில் ஆள் மாத்தினதும் கோல் விழுதுன்னா, பெரும்பாலும் பக்கத்துல நிக்கிறவன் எப்ப மேல ஏறுவான்னு புதுசா வந்தவனுக்குத் தெரியாததுதான் காரணம். முதல் ரவுண்டுல 2-0 வந்ததுமே நடுக்களத்துல ஆடற ரெண்டு ஹாஃப் பசங்களையும் வெளிய கூப்பிட்டுடுங்க. அந்த அரை மணி நேர ஓய்வுதான் செமிஃபைனல்ல கை கொடுக்கும்.

நம்ம கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துலயே இதுக்கு உதாரணம் இருக்கு. 2018-19 ஐ-லீக்கோட (அகில இந்திய ஃபுட்பால் லீக்) கடைசி மேட்ச்ல சென்னை சிட்டி மூணாவது நிமிஷமே கோல் வாங்கிட்டாங்க. அப்புறம் மூணு கோலையும் ரெண்டாம் பாதியில் போட்டு மினர்வா பஞ்சாபை 3-1னு ஜெயிச்சு, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு பாயின்ட்ல தாண்டி சாம்பியன் ஆனாங்க. ரெண்டாம் பாதிக்குக் கால் மிச்சம் இருக்கறது அவ்வளவு முக்கியமுங்க.

பல்லடத்துக்காத்து

அண்ணன் சொன்னதோட காத்தையும் சேர்த்துக்கோங்க. ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியா மேற்கே இருந்து அடிக்கிற காத்து, பந்தைப் பத்து மீட்டர் தள்ளி விடும். காத்தை முதுகுல வெச்சுக்கிட்டு நீளமா தூக்கி அடிச்சா பந்து நேரா எதிர் கோலி (கோல்கீப்பர்) கைக்குத்தான் போகும். அப்ப காலுக்குப் பாஸ் கொடுத்து 20 மீட்டர்ல இருந்தே ஷாட் எடுக்கச் சொல்லுங்க. எதிர்காத்துல கோல் கிக்கை, அதாவது நம்ம கோல் பக்கத்துல பந்தை வெச்சு ஆட்டத்தை மறுபடி தொடங்கற உதையை, தூக்கி அடிக்கவே கூடாது, பாதியில நின்னு திரும்பி வரும். 2019 விதிப்படி கோல் கிக் பெனால்டி ஏரியாவை (கோலுக்கு முன்னால இருக்கற பெரிய கட்டம்) விட்டு வெளிய போகணும்னு இல்லை, ஸ்டாப்பர் உள்ளேயே வாங்கிக்கலாம். இதைத் தினமும் 10 நிமிஷம் பழக்குங்க, பழகாம மேட்ச்ல பண்ணினா அதுவே கோல் ஆயிடும்.

டாஸ் ஜெயிச்சா இப்ப கிக்-ஆஃபும் கேக்கலாம், பக்கமும் கேக்கலாம். முதல் பாதி எதிர்காத்து, ரெண்டாம் பாதி முதுகுக்காத்து வர்ற மாதிரி பக்கம் கேளுங்க. சோர்ந்த கால்களுக்குக் காத்து பாதி வேலை செய்யும்.

பந்துல காத்து எவ்வளவுன்னு கேஜ் வெச்சுப் பாருங்க. 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரைக்கும் விதியில் இடம் உண்டு. இறுகின மண்ணுல 9, 10 போதும். அதுக்கு மேல போனா துள்ளிக்கிட்டே இருக்கும், காலுல அடங்காது.

நொய்யல்_8

ரொம்ப நன்றிங்க. மேட்ச் நாளுக்கு நடுவுல சாப்பாடு, அப்புறம் ஷூ? பசங்க பாதிப் பேருக்கு முழங்காலுக்குக் கீழ முன்னெலும்பு வலிக்குதுங்கறாங்க.

ஸ்டாப்பர்_5

ஆட்டம் முடிஞ்சு ஒரு மணி நேரத்துக்குள்ள உடம்பு எடைல கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்து உள்ள போகணும். 65 கிலோ பையனுக்கு ஒரு பெரிய நேந்திரம்பழமும் மூணு இட்லியும் கிட்டத்தட்ட சரியா வரும். ஜெயிச்ச சந்தோஷத்துல ராத்திரி பிரியாணி வேண்டாமுங்க, ஃபைனல் முடியட்டும். ஓஆர்எஸ் பெரிய பொட்டலத்தை 1 லிட்டர் தண்ணியில கலக்கணும். அரை லிட்டர்ல கலந்தா வயித்தைக் கலக்கும்.

ஷூ அடியில இருக்கற நீள ஸ்டட் (முளை) இறுகின மண்ணுல இறங்காது, அதிர்ச்சி நேரா எலும்புக்கு ஏறும். குட்டைக் குட்டை ரப்பர் ஸ்டட் நிறைய இருக்கற டர்ஃப் ஷூ வாங்கச் சொல்லுங்க. ஐப்பசி மழையில செம்மண் வழுக்கும், அப்ப பழைய ஸ்டட் ஷூ வேணும், தூக்கிப் போட்டுட வேண்டாம். வலி இருக்கறவங்களுக்கு ரெண்டு வாரம் ஓட்டத்தைப் பாதியாக் குறைங்க. எலும்புல ஒரே புள்ளியில தொட்டாலே வலிச்சா விளையாட விடாம டாக்டர்கிட்ட அனுப்புங்க, கீறல் விட்டிருக்கலாம்.

கோலி_1

ஒண்ணே ஒண்ணு. மேனேஜர் மீட்டிங்ல ரெண்டு கேள்வி கேட்டு எழுதி வாங்குங்க: எத்தனை பேரை மாத்தலாம், டிரா ஆனா எக்ஸ்ட்ரா டைம் உண்டா, இல்ல நேரா பெனால்டியா. பெனால்டிப் பயிற்சியை ஆரம்பத்துல வைக்காதீங்க, 4-க்கு 4 முடிஞ்சு கால் தள்ளாடறப்ப, சென்டர் சர்க்கிள்ல இருந்து ஒவ்வொருத்தரா நடந்து வந்து அடிக்கட்டும். உதைக்கிற நொடியில் கோலியோட ஒரு காலாவது கோல் கோட்டு மேலயோ அதுக்குப் பின்னாலயோ இருக்கணும். அதையும் பக்கத்துல ஒருத்தரை நிக்க வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க, பழக்கத்துல முன்னால தாவற கோலி பிடிச்ச பந்தைக்கூட ரெஃபரி திருப்பி அடிக்க விட்டுடுவார்.