மதிப்பு சரி, ஆனாலும் கெபாசிட்டர் பழுது

12 வோல்ட் ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை ஒன்று தனியாக இருக்கும்போது சரியான வோல்ட்டேஜைக் காட்டியது. மைக்ரோகண்ட்ரோலர் போர்டை இணைத்தால் மட்டும் அந்த போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. வெளியீட்டில் இருந்த 1000 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரையே முதலில் சந்தேகித்தேன். கழற்றி மல்டிமீட்டரில் அளந்தபோது 860 என்று, அதாவது 20 சதவீத வரம்புக்குள்ளேயே காட்டியதால், அதையே திரும்பப் பொருத்திவிட்டு, டையோடையும் ஃபீட்பேக் பகுதியையும் சோதிப்பதில் இரண்டு நாட்களைத் தொலைத்தேன்.

ஆசிலோஸ்கோப்பில் பார்த்தபோது, 12 வோல்ட் கோட்டின் மேல் ஏறத்தாழ 2 வோல்ட் ரிப்பிள் (வெளியீட்டு வோல்ட்டேஜின் ஏற்ற இறக்கம்) முள்வேலி போல நின்றிருந்தது. கெபாசிட்டரின் மறுப்பை, அதாவது மாறும் கரண்டுக்கு அது காட்டும் எதிர்ப்பை, 1/(2πfC) என்று (f அதிர்வெண், C கெபாசிட்டர் மதிப்பு) கணக்கிட்டால், 1000 மைக்ரோஃபாரடுக்கு 100 ஹெர்ட்ஸில் 1.6 ஓம் வரும். இந்த சப்ளை இயங்கும் 100 கிலோஹெர்ட்ஸிலோ 0.0016 ஓம்தான், ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆனால் உள்ளே எலக்ட்ரோலைட் உலர்ந்துபோனதால், மறுப்போடு தொடராக நிற்கும் உள்மின்தடை ஏறிவிட்டிருந்தது. இந்த உள்மின்தடையை அளக்கும் இ.எஸ்.ஆர். மீட்டர் 2.1 ஓம் காட்டியது; 1 ஆம்பியர் ரிப்பிள் கரண்ட் ஓடினால் 2 வோல்ட் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியதே இல்லை. மல்டிமீட்டரின் மேல் குற்றமில்லை. குறைந்த வேகத்தில் அளந்து அது சொன்ன விடையை, வேகமான சர்க்யூட்டுக்கும் பொருந்துமென்று எடுத்துக்கொண்டது நான்தான். உள்மின்தடை குறைந்த வகை ஒன்றைப் பொருத்தியதும் ரீசெட் நின்றது.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு உள்மின்தடை செய்த வேலையை எனக்குக் கெபாசிட்டரின் கால்கள் செய்தன. 48 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் ஓடிய என் போர்டு அவ்வப்போது உறைந்து நின்றது. சிப்பின் சப்ளைப் பின்னுக்கு (மின்சாரம் நுழையும் காலுக்கு) 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் வைத்திருந்தேன். அந்த அதிர்வெண்ணில் அதன் மறுப்பு 0.03 ஓம்தான். ஆனால் சாலிடர் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு காலையும் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு விட்டிருந்தேன். இரண்டு கால்களும் சேர்ந்து சுமார் 20 நானோஹென்றி இண்டக்டன்ஸ் (காயிலின் தன்மை). 48 மெகாஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பே 6 ஓம். ஏறத்தாழ 3.5 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியதுமே அது கெபாசிட்டராக இல்லாமல் காயிலாகிவிட்டிருக்கிறது. இது புரியாமல், பக்கத்திலேயே அதே நீளக் கால்களோடு 10 மைக்ரோஃபாரட் ஒன்றையும் சேர்த்துப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. இரண்டையும் எடுத்துவிட்டு, காலே இல்லாத 0.1 மைக்ரோஃபாரட் சிப் கெபாசிட்டரைப் பின்னை ஒட்டியே வைத்த பிறகு போர்டு ஒருமுறைகூட உறையவில்லை.