திரையிடலா, சலிப்பா, ஐயமா? – ஒரு கலைச்சொல் இழை

ரொறன்ரோ, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கையேட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். கஞ்சா புகைத்துவிட்டு வண்டி ஓட்டுவது பற்றி இங்குள்ள தமிழ் ஓட்டுநர்களுக்கானது. 2018 அக்டோபர் 17 முதல் கனடாவில் கஞ்சாவுக்குச் சட்டத் தடை இல்லை. ஆனால் ஓட்டிய இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு மில்லிலீற்றர் குருதியில், கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. 2 நானோகிராமை எட்டினால் குற்றம். 5 நானோகிராமை எட்டினால் தண்டனை கூடும். கொக்கெயின், எல்.எஸ்.டி. என்றால் எந்த அளவும் ஆகாது. இதுவரை தடையில்லாமல் எழுதிவிட்டேன்.

ஆய்வுகூடத்தில் இரண்டு படிகள் வருகின்றன. முதலில் விரைவான ‘ஸ்கிரீனிங்’. அதில் சிக்கியதை மட்டும் மறுபடி எடுத்து உறுதிசெய்வது அடுத்தது. என் மென்பொருள் முதலாவதற்குத் ‘திரையிடல்’ என்கிறது. குருதியைத் திரையரங்குக்கு அனுப்ப எனக்கு மனமில்லை. சொல் தாருங்கள்.

சென்னை, ஆய்வக நுட்பர்:

அக்கா, முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சாம்பல் மூடிக் குழாயில் ரத்தம் வரும். உள்ளே சோடியம் ஃபுளோரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் இருக்கும். முதல் சோதனையில் பயன்படும் ஆன்டிபாடி, அதாவது தேடும் பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதம், மூலக்கூறின் முகச்சாயலைத்தான் பார்க்கும். அண்ணனைத் தேடப் போய்த் தம்பியைப் பிடித்துக்கொண்டு வரும். மூக்கடைப்பு மாத்திரையில் உள்ள சூடோஎபிட்ரினை ஆம்ஃபெட்டமின் என்று அது மயங்குவதுண்டு. இரண்டாவது சோதனையில் நிறைநிறமாலைமானி மூலக்கூறை உடைத்துத் துண்டுகளின் நிறையைப் பார்க்கிறது. அங்கே சாயல் எடுபடாது. என் பரிந்துரை: சலிப்புச் சோதனை. சல்லடையில் சலிப்பதுதானே.

யாழ்ப்பாணம், இரசாயனவியல் ஆசிரியர்:

சலிப்பு என்றால் எங்கள் மாணவர்களுக்கு இரசாயனவியல் பாடம்தான் நினைவுக்கு வரும். ‘ஆன்டிபாடி’ எதற்கு? பிறபொருளெதிரி என்று எத்தனையோ ஆண்டுகளாக எங்கள் பாடநூலில் இருக்கிறதே.

சென்னை, ஆய்வக நுட்பர்:

இரவுப் பணியில் இருப்பவனுக்குச் சலிப்புச் சோதனை பொருத்தமான பெயர்தான் ஐயா. பிறபொருளெதிரி என்று நான் சொன்னால் என் உதவியாளர் எதிரி யார் என்று கேட்பார்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

சல்லடையோடு நின்றுவிட்டீர்கள். பிரிப்பதற்கு நம் வீட்டுப் பெண்கள் வைத்திருந்த சொற்களைக் கேளுங்கள்: தூற்றுதல், புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், சலித்தல், அரித்தல். தூற்றினால் பதர் பறக்கும். கொழித்தால் நொய் பிரியும். நமக்கு வேண்டியது அரித்தல். அரிசியை நீரில் அலசி அரித்தால் கல் அடியில் தங்கும், அதோடு நாலு அரிசியும் தங்கும். அதை உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துத்தான் கல்லை எறிவார்கள். தம்பி சொன்ன இரண்டு படிகளும் இதில் அடங்கிவிட்டன. எனவே, அரிப்புச் சோதனை.

திருச்சி, வழக்கறிஞர்:

ஐயா, அரிப்புக்குத் தோல் மருத்துவர் இருக்கிறார்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

சிரியுங்கள். அப்படியானால் இலக்கணத்துக்கே போவோம். அந்தி மங்கலில் தொலைவில் ஓர் உருவம். ‘குற்றியோ மகனோ’ என்பது உரையாசிரியர்கள் காட்டும் ஐயத்துக்கு எடுத்துக்காட்டு. மரக்கட்டையா, மனிதனா? ஆன்டிபாடி பார்ப்பது இந்த மங்கலில்தான். எனவே முதலாவது ஐயச் சோதனை. இரண்டாவது தேற்றச் சோதனை; தேற்றம் என்றால் உறுதி. ஏகாரத்துக்குத் தேற்றப்பொருள் உண்டென்று படித்தவர்கள்தானே நாம்? தெள், தெளி, தேறு, தேற்று எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. கலங்கல் நீரைத் தெளிவிப்பது தேற்றாங்கொட்டை. தெளிந்த கள்ளுக்குத் தேறல் என்று பெயர். ‘தேட்கடுப்பன்ன நாட்படு தேறல்’ என்கிறது புறநானூறு. தேள் கடித்தாற்போல் ஏறும் பழைய கள். போதைக்கும் அதைத் தேறும் சோதனைக்கும் ஒரே வேர் அமைவது வேறெந்த மொழியில் வாய்க்கும்?

யாழ்ப்பாணம், இரசாயனவியல் ஆசிரியர்:

தேற்றம் என்றால் பைதகரஸ். பத்தாம் வகுப்புப் பிள்ளை செங்கோண முக்கோணம் வரைந்துவிடும். ஐயத்துக்கும் ‘ஐயமிட்டு உண்’ இருக்கிறது. குருதியில் பிச்சை தேடுகிறோமா?

திருச்சி, வழக்கறிஞர்:

எனக்கு ஐயம் பிடித்திருக்கிறது. நீதிமன்றத்தில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும். முதல் சோதனையின் பெயரிலேயே ஐயம் இருந்தால், அதை மட்டும் வைத்து யாரும் தீர்ப்பெழுத மாட்டார்கள். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு மதுவுக்கு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று எண் சொல்கிறது. போதைப்பொருளுக்கு எண் இல்லை, வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத நிலை என்றுதான் இருக்கிறது. எண் இல்லாத இடத்தில் சொல்தான் காவல்.

ரொறன்ரோ, மொழிபெயர்ப்பாளர்:

‘பொய்நேர்’ (இல்லாததை உண்டென்று சோதனை காட்டுவது) என்று இன்னொரு சொல்லும் வேண்டும். குருமாவில் போட்ட கசகசாவால் அபின் வகை என்று வருமாமே, அதற்கு.

சென்னை, ஆய்வக நுட்பர்:

அது பொய் இல்லை அக்கா. கசகசாவில் மார்ஃபின் உண்மையாகவே ஒட்டியிருக்கிறது. இரண்டாவது சோதனையும் ஆம் என்றுதான் சொல்லும். சாட்சி உண்மை பேசுகிறது, குற்றம்தான் நடக்கவில்லை. அமெரிக்காவில் பணியாளர் சிறுநீர்ச் சோதனையில் 300 நானோகிராமாக இருந்த எல்லையை 1998இல் 2,000 ஆக்கியதற்குக் கசகசாவும் ஒரு காரணம். மாத்திரைச் சாயல்தான் பொய்நேர். கஞ்சாவிலும் ஒன்றைக் கவனியுங்கள். போதை தருவது டி.எச்.சி.; புகைத்த சில மணி நேரத்தில் ரத்தத்தில் சரிந்துவிடும். உடல் அதை மாற்றிக் கழிக்கும் கார்பாக்சி வடிவத்துக்குப் போதை இல்லை, ஆனால் நாள்தோறும் புகைப்பவரிடம் வாரக்கணக்கில் தங்கும். கையேட்டில் இரண்டையும் ‘கஞ்சா’ என்று ஒரே சொல்லில் எழுதிவிடாதீர்கள்.

யாழ்ப்பாணம், இரசாயனவியல் ஆசிரியர்:

உடல் அப்படி மாற்றிய பொருளுக்குப் பெயர் அனுசேபப் பொருள்.

சென்னை, ஆய்வக நுட்பர்:

வளர்சிதைமாற்றப் பொருள்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வளராத ஒன்றுக்கு வளர்சிதை எதற்கு? சிதைபொருள் போதாதா? ‘அனுசேபம்’ வடமொழி. தொல்காப்பியரே ‘வடவெழுத்து ஒரீஇ’ என்று வழிவிட்டார் என்று சொல்லி வராதீர்கள். எழுத்தைத்தான் விடச் சொன்னார், நம் சொல்லை விடச் சொல்லவில்லை. குருதி என்று எழுதும் யாழ்ப்பாணத்தை மட்டும் பாராட்டுகிறேன். குறுந்தொகையின் முதற்பாட்டிலேயே ‘குருதிப் பூ’ இருக்கிறது; காந்தள்.

ரொறன்ரோ, மொழிபெயர்ப்பாளர்:

கையேடு போய்விட்டது. நேற்றிரவு டாக்சி ஓட்டும் என் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘ஐயச் சோதனை’ என்றதும், “என்மேல் யாருக்கு ஐயம்?” என்று கோபப்பட்டார். ‘தேற்ற’த்தில் கொட்டாவி விட்டார். ‘முதற்சோதனை, உறுதிச்சோதனை’ என்று எழுதிவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்தேன்: “முதற்சோதனை காட்டுவது ஐயமே, அதுவே முடிவன்று.” ‘சிதைபொருள்’ எடுத்துக்கொண்டேன். மாமா கேள்வி கேட்காமல் கடந்த ஒரே சொல் அது.

சென்னை, ஆய்வக நுட்பர்:

எனக்குச் சம்மதம். எங்கள் பதிவேட்டில் நாளையும் ‘ஸ்கிரீனிங்’ என்றுதான் எழுதுவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணம், இரசாயனவியல் ஆசிரியர்:

சிதைபொருளுக்கு என் எதிர்ப்பைப் பதிவுசெய்யவும். டி.எச்.சி.யை உடல் மாற்றும்போது வரும் 11-ஹைட்ரொக்சி வடிவம் சிதைந்தும் போதை தருகிறது. சிதைவு என்றால் செத்தது என்று மாணவன் நினைப்பான்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

‘முதல்’ என்பது வரிசை, பெயரன்று. மூத்த பிள்ளைக்கு ‘முதலாமவன்’ என்றா பெயர் வைக்கிறோம்? அந்த ஒரு வரியில் ஐகாரத்தோடு நிற்கும் ஏகாரம் தேற்ற ஏகாரம் என்பதையாவது உங்கள் மாமாவுக்குச் சொல்லுங்கள். நிற்க: தேறு, தேர் இரண்டும் ஒன்றா என்று தனி மடல் எழுதுகிறேன்.

திருச்சி, வழக்கறிஞர்:

ஐயா, ‘ஐயமே’ என்பதில் ஐகாரம் சொல்லின் முதலில் அல்லவா நிற்கிறது?