இடது பக்க மூளையில் அறுவை சிகிச்சை: வலிப்போடு பெயர்களும் போய்விடுமா?

கடிலக்கரை ஆசிரியை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். தமிழ் ஆசிரியை, வயது 34. பதின்வயதில் தொடங்கிய வலிப்பு. கார்பமாசெபைன், லெவெடிரசெட்டம், இரவில் குளோபஸாம் என்று வேளை தவறாமல் மாத்திரை போட்டும் மாதம் நான்கைந்து முறை வந்துவிடுகிறது.

விழுந்து வெட்டி இழுப்பது எனக்குக் குறைவு. அடிவயிற்றிலிருந்து என்னவோ எழும்பி நெஞ்சுக்கு வரும். அதற்கு மேல் நடப்பது பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரியும். வலது கை சாக்பீஸோடு விறைத்து நிற்குமாம். இடது கை முந்தானையைத் திருகிக்கொண்டே இருக்குமாம். வாய் எதையோ மெல்லுமாம். ஏழாம் வகுப்பில் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி, யாரும் சொல்லிக்கொடுக்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு, என் விரல்களிலிருந்து சாக்பீஸை உருவிவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தெளிந்த பிறகும் சில நிமிடங்கள் எனக்குப் பேச்சு வராது. அவள் யாரென்று தெரிகிறது, பெயர் மட்டும் நாக்கில் ஏறுவதில்லை.

எம்.ஆர்.ஐ.யில் இடது ஹிப்போகேம்பஸ் (நினைவைப் பதியவைக்கும் மூளைப் பகுதி) சுருங்கித் தழும்பேறி இருக்கிறது என்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் வலிப்பு நிற்க நல்ல வாய்ப்பு உண்டு, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனையில் முழுச் சோதனை செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: இடது பக்கம் என்பதால் சொற்களும் பெயர்களும் நினைவில் நிற்பது கொஞ்சம் குறையலாம்.

அம்மாவுக்கு மண்டையைத் திறப்பதே பயம். பெரியம்மாவுக்கு, ஆபரேஷன் முடிந்தால் வரன் பார்க்கலாம் என்ற கணக்கு. என் பயம் வேறு. புத்தகத்தைத் திறக்காமல் செய்யுள் நடத்துகிறவள் நான். பள்ளி திறந்த மாதமே எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவேன். அது போய்விட்டால் எதைக்கொண்டு அந்த வகுப்பில் நிற்பேன்? செய்துகொண்டவர்கள், அருகிலிருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.

வில்லியனூர் மளிகை

டீச்சர், எனக்கு வலது பக்கம் செய்தார்கள், அதே ஸ்ரீசித்திராவில். அதனால் பெயர் மறப்பதைப் பற்றி நான் சொன்னால் அது உங்களுக்குப் பொருந்தாது. மற்றதைச் சொல்கிறேன்.

அறுவை சிகிச்சையை விடச் சோதனைதான் பொறுமையைக் கேட்கும். தலை முழுக்கப் பசை வைத்து ஒயர்களை ஒட்டி, கேமராவுக்கு முன்னால் படுக்க வைத்து, மாத்திரையைக் குறைத்து, வலிப்பு வரட்டும் என்று காத்திருப்பார்கள். வீடியோ இ.இ.ஜி. என்று பெயர். வந்தால் பொத்தானை அமுக்கத் துணைக்கு ஆள் வேண்டும். வாழ்நாளெல்லாம் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டதை அங்கே வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு கிடந்தேன்.

முடிந்த பிறகு நெற்றிப்பொட்டருகே தசையை வெட்டியதால் வாய் திறக்கவே வலித்தது, கஞ்சியும் இட்லியும்தான். இடப் பக்கம் மேல் மூலையில் பார்வை கொஞ்சம் போய்விட்டது. கடையில் அந்தப் பக்கம் தொங்கும் வாழைத்தாரில் தலை இடிக்கும்; இப்போது தாரை வலப் பக்கம் கட்டிவிட்டேன். உங்களுக்கு வந்தால் வலது மேல் மூலையில் வரும். வலிப்பு நின்றுவிட்டது. எப்போதாவது அந்த வயிற்று உணர்வு மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கல்லாவில் தனியாக உட்கார வீட்டில் விடுகிறார்கள், அதுவே எனக்குப் பெரிது.

ஓய்வு பெற்ற செவிலியர், புதுச்சேரி

மகளே, என் பணிக்காலத்தில் பெரும்பகுதி நரம்பியல் வார்டில் போனது. உன் பயம் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். இடது பக்கம் செய்துகொண்டவர்களில் சிலருக்குப் பெயர்களும் புதிதாகக் கேட்ட சொற்களும் முன்புபோல் நிற்பதில்லை. மார்க்கெட்டில் பழகிய ஆளைப் பார்த்துப் பெயர் வராமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவில் குறைவதில்லை. ஹிப்போகேம்பஸ் நன்றாக இருந்து, நினைவும் கூர்மையாக இருப்பவர்களுக்குத்தான் இழப்பு அதிகம். சுருங்கித் தழும்பேறிய பகுதி ஏற்கெனவே வேலையை விட்டிருக்கும். அதை எடுப்பதால் போவது பெரும்பாலும் குறைவு. உனக்கு ஸ்கேனில் சுருக்கம் தெரிகிறது, அது உனக்குச் சாதகம். நினைவு கூர்மையாகவும் இருக்கிறது என்கிறாய், அது பாதகம். இந்த இரண்டையும் வைத்து உன் கணக்கு என்ன என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். ஒரு கதையைச் சொல்லி அரை மணி நேரம் கழித்துத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள், சொற்பட்டியலை ஒப்பிக்கச் சொல்வார்கள். பேச்சு எந்தப் பக்கம் என்று செயல்பாட்டு எம்.ஆர்.ஐ.யில் (மூளை வேலை செய்யும்போது எடுக்கும் ஸ்கேன்) பார்ப்பார்கள். நரம்பியல் உளவியலாளர் முன்னால் உட்காரும்போது நீ ஆசிரியை என்பதையும், பார்க்காமல் செய்யுள் சொல்வதையும் மறக்காமல் சொல். பொதுக் கணக்கோடு எழுந்து வராதே. "என் மதிப்பெண்ணுக்கு என்ன எதிர்பார்க்கிறீர்கள்" என்று கேள்.

செய்யாமல் இருந்தால் இருப்பது அப்படியே நிற்கும் என்றும் நினைக்காதே. அடங்காத வலிப்பும் வருடக்கணக்கில் நினைவை அரிக்கும். தகுந்த இரண்டு மருந்துகளை உரிய அளவில் கொடுத்தும் அடங்காவிட்டால், அடுத்த மருந்தில் முழுதாக நிற்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 2001-இல் கனடாவில் உன்னைப் போன்ற 80 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஓராண்டில் நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவை சிகிச்சைப் பிரிவில் 58 சதவீதம், மருந்துப் பிரிவில் 8 சதவீதம். அந்த ஓராண்டில் ஒருவர் இறந்துபோனார். அவர் மருந்துப் பிரிவில் இருந்தவர். பக்கவாதம், தொற்று போன்றவை அறுவை சிகிச்சையில் நடக்கக்கூடியவைதான், அரிதாக. அதையும் நேராகக் கேட்டுவிடு.

வலிப்பு நின்றும் முதல் சில மாதங்கள் மனம் சோர்ந்து அழுகிறவர்கள் உண்டு. வீட்டாருக்கு இது புரியாது, முன்கூட்டியே சொல்லிவை. மாத்திரையும் உடனே நிற்காது. குறைந்தது ஓராண்டாவது தொடரும், பிறகு அவர்களே படிப்படியாகக் குறைப்பார்கள்.

உன் பெரியம்மாவுக்கு ஒரு செய்தி. 1955 இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது. 1999-இல் அதை நீக்கிவிட்டார்கள். வரனுக்காக ஒரு பெண்ணின் மண்டையைத் திறக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

நெல்லிக்குப்பம் அம்மா

டீச்சரம்மா, என் மகனுக்கும் இதே சோதனைகள் நடந்தன. வலிப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் கிளம்புகிறது, ஆபரேஷன் வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அழுதேன். சோதனைக்குப் போவது வேறு, கையெழுத்துப் போடுவது வேறு என்பதற்காகச் சொல்கிறேன். போய்விட்டு வாருங்கள்.

கடிலக்கரை ஆசிரியை

எல்லாருக்கும் நன்றி. செவிலியரம்மா எழுதியதை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பெரியம்மாவும் அப்போது கூடத்தில்தான் இருந்தார். காலாண்டு விடுமுறையில் சோதனைக்கு மட்டும் போவதென்று முடிவு. நினைவுச் சோதனை முடிவு கைக்கு வந்த பிறகுதான் அடுத்த பேச்சு. எவ்வளவு இழப்பு வரை சம்மதம் என்பதை நான்தான் சொல்லவேண்டும், அம்மாவும் அதை ஒப்புக்கொண்டார். வில்லியனூர் ஐயா, துணைக்கு அம்மா மட்டும்தான் வருவார். மலையாளம் தெரியாது. சமாளிப்பாரா?

வில்லியனூர் மளிகை

தமிழ் பேசுகிறவர்கள் அங்கே நிறைய உண்டு, அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. விழுப்புரத்தில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறினால் நேராக இறங்கலாம். மருத்துவக் கல்லூரி வளாகத்தில்தான் ஸ்ரீசித்திரா. தங்குவதற்கு அதை ஒட்டியே லாட்ஜுகள். பழைய ஸ்கேன்களைத் தாளாக மட்டும் எடுத்துப் போகாதீர்கள், சி.டி.யும் வேண்டும். கைபேசியில் யாராவது உங்கள் வலிப்பைப் படம் பிடித்திருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்டார்.